முக்கோணத்துக்குக் கோபம் வருமா?

இயற்பியல் பட்ட வகுப்பில் குவாண்டம் இயக்கவியலைத் தொடங்கும் நாளன்று 'ஹைசன்பர்க், 1927' என்று கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். அவருடைய நிச்சயமின்மைக் கோட்பாடு வெளியான ஆண்டு அது. எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி வரிசையில் சிரிப்பொலி எழும். முதல் முறை எனக்குக் காரணம் விளங்கவில்லை. எழுத்துப் பிழை ஏதும் விட்டுவிட்டேனோ என்று பலகையைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் நினைத்துச் சிரித்தது அந்த ஜெர்மானிய விஞ்ஞானியை அன்று. அவர் பெயரைப் புனைபெயராகச் சூட்டிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தை.

'பிரேக்கிங் பேட்' என்னும் அந்தத் தொடர் 2008 ஜனவரி முதல் 2013 செப்டம்பர் வரை ஐந்து பருவங்களில் 62 பகுதிகளாக அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. இன்று நம் மாணவர்கள் அதைக் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். கதைத் தலைவர் வால்ட்டர் ஒயிட் ஒரு பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியர். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் வசிப்பவர். வயது 50. சம்பளம் போதாமல், பள்ளி விட்டதும் கார் கழுவும் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார். மனைவி ஸ்கைலர் கருவுற்றிருக்கிறார். மகனுக்குப் பெருமூளை வாதம். இந்த நிலையில் வால்ட்டருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றும், அறுவை சிகிச்சை செய்ய இயலாத கட்டம் என்றும் தெரிகிறது. தமக்குப் பின் குடும்பம் நிர்க்கதியாகிவிடும் என்று அஞ்சிய அவர், தம் பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த வேதியியலைக் கொண்டு மெத்தாம்ஃபிட்டமின் என்ற போதைப்பொருளைத் தயாரிக்க முற்படுகிறார். தொடர் முடிவதற்குள் அவர் பல கொலைகளுக்குக் காரணமானவர் ஆகிவிடுகிறார். கதையின் முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு நாள் பாடம் சற்று முன்னதாகவே முடிந்துவிட்டது. மாணவர்களிடம், "அந்த ஆசிரியர் ஏன் அப்படி ஆனார்?" என்று கேட்டேன். "குடும்பத்துக்காகத்தான் சார்" என்றான் ஒருவன். "இல்லை சார், எல்லாம் கர்வம்" என்றான் இன்னொருவன். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அப்போது முன் வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும் சார். கொலை செய்தது அவர். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவர் மனைவியைத் திட்டுகிறார்களே, அது ஏன்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. நானும் அந்தத் தொடரைப் பார்த்தபோது ஸ்கைலரைத் திட்டியவன்தான்.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையே இங்கே உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன். நான் உளவியல் படித்தவன் அல்லன். ஆனால், இந்தக் கேள்வியின் தொடக்கம் நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

விசையைக் கண்டவர் யார்?

ஒரு பந்து தரையில் உருண்டு வருகிறது. திடீரென்று திசை மாறுகிறது. அதன்மேல் ஏதோ ஒரு விசை செயல்பட்டது என்கிறோம். அந்த விசையை யாராவது கண்ணால் பார்த்தது உண்டா? இல்லை. நாம் பார்ப்பது இயக்கத்தை மட்டுமே. முடுக்கத்தை அளந்து, நிறையால் பெருக்கி, விசை இவ்வளவு என்று கணிக்கிறோம். மனிதர்களின் நோக்கமும் இப்படிப்பட்டதே. ஒருவர் கதவை ஓங்கிச் சாத்துவதைப் பார்க்கிறோம், கோபம் என்கிறோம். கோபத்தை நாம் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தோம். ஒருவேளை காற்றடித்திருக்கலாம்.

இவ்வாறு கணிக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் நடந்த ஒரு சோதனை எடுத்துக்காட்டியது. ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இருவர் அதை நடத்தி 1944-இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஒரு சிறு திரைப்படம் தயாரித்தார்கள். அதில் நடிகர்கள் மூவர்: ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறிய வட்டம். நடுவில் ஒரு செவ்வகம். அதன் சுவரில் ஒரு பகுதி கதவுபோல் திறந்து மூடும். இரண்டரை நிமிடத்துக்கு இந்த உருவங்கள் இங்குமங்கும் நகர்கின்றன. அவ்வளவுதான் படம். முகமில்லை, குரலில்லை, கதையுமில்லை.

பார்த்தவர்களிடம், "என்ன நடந்தது, எழுதுங்கள்" என்றார்கள். முதல் குழுவில் 34 பேர். வடிவங்களின் நகர்வை மட்டும் கணித மொழியில் எழுதியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் எழுதியவை எல்லாம் கதைகள்! பெரிய முக்கோணம் முரடன், சண்டைக்காரன். வட்டம் பயந்த சுபாவமுள்ள பெண். சிறிய முக்கோணம் துணிச்சல்காரன்; வட்டத்தைக் காப்பாற்ற வந்தவன். செவ்வகம் வீடு. வட்டம் பயந்துபோய் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தது என்று எழுதியவர்களுக்குத் தாங்கள் கற்பனை செய்வதாகவே தோன்றவில்லை. கண்ணால் கண்டதை எழுதுவதாகவே எண்ணினார்கள்.

இயற்பியல் மாணவர்களான நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முக்கோணத்துக்கு நோக்கம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மனம் அதற்கொரு நோக்கத்தைச் சூட்டிவிடுகிறது. முக்கோணத்துக்கே இவ்வளவு என்றால், நல்ல நடிகர் ஒருவர் கண்ணைச் சற்றே தாழ்த்தும்போது நாம் எவ்வளவு இட்டு நிரப்புவோம்! தொலைக்காட்சி நாடகம் எழுதுகிறவர் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார். மீதியைப் பார்க்கிறவர் எழுதிக்கொள்கிறார்.

படிப்படியாக

இனி வால்ட்டர் ஒயிட்டிடம் வருவோம். குடும்பமா, கர்வமா?

தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், நல்லாசிரியர் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளைக் கூட்டத் தலைவனாக மாற்றிக் காட்டுவதே தம் திட்டம் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான தொடர்களில் கதாபாத்திரம் மாறுவதே இல்லை. துப்பறிபவர் நூறாவது வாரத்திலும் அதே துப்பறிபவர்தான். இவர் மாற்றத்தையே கதையாக்கினார்.

அந்த மாற்றத்தின் படிகளைப் பாருங்கள். முதல் உயிர் போவது தற்காப்பில். தம்மைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து தப்ப, வால்ட்டர் ஒரு நச்சு வாயுவை உண்டாக்குகிறார். வந்த இருவரில் ஒருவன் சாகிறான். மற்றவனைக் கட்டிவைத்து உணவு கொடுக்கிறார். அவனை விட்டுவிடலாமா, கொன்றுவிடலாமா என்று காகிதத்தில் இரண்டு பத்தியாகக் காரணங்களை எழுதிப் பார்க்கிறார். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் இப்படித்தானே வகுப்பில் சாதக பாதகங்களை எழுதிக் காட்டுகிறோம்! கடைசியில் அவனைக் கொன்றுவிடுகிறார். கொன்றபின் மன்னிப்புக் கேட்டு அழுகிறார். இரண்டாம் பருவத்தில், தம் கண்முன் மூச்சுத் திணறிச் சாகும் ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றாமல் நின்று பார்க்கிறார். நான்காம் பருவத்தில், தம் திட்டத்துக்காக ஒரு சிறுவனுக்கு நஞ்சு கொடுக்கிறார். சிறுவன் பிழைத்துக்கொள்கிறான். அப்போது வால்ட்டர் அழவில்லை.

முதல் வாரத்திலேயே அந்த நஞ்சை அவர் கையில் கொடுத்திருந்தால் தொட்டிருப்பாரா? மாட்டார். அப்படிக் காட்டியிருந்தால் நாமும் நம்பியிருக்க மாட்டோம். இடையிலுள்ள படிகள்தாம் அவரையும் ஏற்றிச் செல்கின்றன, நம்மையும் ஏற்றிச் செல்கின்றன.

இது கதாசிரியரின் தந்திரம் மட்டுமன்று. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கி 1963-இல் வெளியிட்ட சோதனை உலகப் புகழ் பெற்றது. சோதனைக்கு வந்தவர் ஒரு மின்பெட்டியின் முன் அமர்வார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு விசையைத் தட்டி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். (சோதனையில் இவருக்கு இடப்பட்ட பெயர் 'ஆசிரியர்' என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) முதல் விசை 15 வோல்ட். அடுத்தது 30. இப்படி 15 வோல்ட்டாகக் கூடி, முப்பதாவது விசையில் 450 வோல்ட். உண்மையில் மின்சாரம் ஏதும் பாயவில்லை. அடுத்த அறையில் இருந்தவர் சோதனையாளரின் ஆள். ஆனால் விசையைத் தட்டியவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்ற அதிகாரி 'தொடருங்கள்' என்று மட்டும் சொன்னார். முதல் குழுவில் 40 பேர். கடைசி விசை வரை சென்றவர்கள் 26 பேர்.

இந்தச் சோதனையின் நேர்மை குறித்தும், வந்தவர்களில் எத்தனை பேர் அதிர்ச்சி உண்மை என்று நம்பினார்கள் என்பது குறித்தும் பின்னாளில் பலத்த விவாதம் நடந்தது. ஆகவே எண்ணிக்கையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த 15 வோல்ட் இடைவெளியை. 300 வோல்ட்டில் நிறுத்த வேண்டுமானால், 285 வோல்ட் ஏன் சரி என்று எண்ணினோம் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். அதைவிட இன்னொரு விசையைத் தட்டிவிடுவது சுலபம்.

இரும்பைக் காந்தமாக்கும் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். புறக்காந்தப் புலத்தை ஏற்றிவிட்டு மீண்டும் சுழிக்குக் கொண்டுவந்தாலும், இரும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது. இதைக் காந்தத் தயக்கம் என்கிறோம். இரும்பின் இன்றைய நிலையைச் சொல்ல, இன்றைய புலம் எவ்வளவு என்று தெரிந்தால் போதாது. அது வந்த பாதையும் தெரிய வேண்டும். வால்ட்டரும் அப்படியே. அவரைத் தள்ளிய பணமுடை தீர்ந்த பிறகும் அவர் பழைய ஆசிரியராகத் திரும்பவில்லை.

பணமுடை எப்போது தீர்ந்தது? முதல் பருவத்தின் ஐந்தாவது பகுதியிலேயே தீர்ந்திருக்கலாம். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் காட்சி அது. இளமையில் வால்ட்டர் தம் நண்பர் எலியட்டுடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். தம் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு விலகிவிட்டார். பின்னர் அந்த நிறுவனம் பல நூறு கோடி டாலர் பெறுமானமுள்ளதாக வளர்ந்துவிட்டது. இப்போது அந்த எலியட்டே, வேலை தருகிறேன், மருத்துவச் செலவை ஏற்கிறேன் என்று முன்வருகிறார். வால்ட்டர் மறுத்துவிடுகிறார். குடும்பத்துக்காக மட்டுமே என்றால் கதை அன்றோடு முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், தொடர் முழுவதிலும் மிகச் சிறந்த காட்சி இதுவே என்பேன். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை. ஒரு மனிதர் 'வேண்டாம்' என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் அதன் பிறகு 50-க்கும் மேற்பட்ட பகுதிகளில் அவர் 'குடும்பத்துக்காக' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய்யா? அவரைப் பொறுத்தவரை பொய்யில்லை. செய்கை முதலில் நடந்துவிடுகிறது, காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959-இல் ஒரு சோதனையால் காட்ட முற்பட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் அலுப்பூட்டும் வேலையைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் 'வேலை சுவையாக இருந்தது' என்று சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொல்லச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு ஒரே டாலர். பிறகு உண்மைக் கருத்தைக் கேட்டபோது, வேலை சுவையாகத்தான் இருந்தது என்று அதிகம் சொன்னவர்கள் ஒரு டாலர் வாங்கியவர்கள்! 20 டாலர் வாங்கியவருக்குப் பணத்துக்காகப் பொய் சொன்னேன் என்ற சமாதானம் இருந்தது. ஒரு டாலர்க்காரருக்கு அது இல்லை. ஆகவே கருத்தையே மாற்றிக்கொண்டார். இவ்வகைச் சோதனைகளைப் பிற்காலத்தில் திரும்பச் செய்தபோது முடிவுகள் எப்போதும் ஒரே மாதிரி அமையவில்லை. இருந்தாலும், தொடரின் கடைசிப் பகுதியில் வால்ட்டர் தம் மனைவியிடம், எல்லாம் தமக்காகவே செய்ததாகவும், அது தமக்குப் பிடித்திருந்ததாகவும் ஒப்புக்கொள்ளும்போது, அந்த ஒரு டாலர் மாணவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

ஆக, குடும்பம் என்ற கட்சிக்கும் கர்வம் என்ற கட்சிக்கும் பாதிப் பாதி மதிப்பெண். தொடக்க விசை ஒன்று. தொடர்ந்து ஓடச் செய்த விசை வேறொன்று.

காமிரா நிற்கும் இடம்

மாணவியின் கேள்வி இன்னும் நிற்கிறது. மனைவியை ஏன் திட்டுகிறார்கள்?

எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகிய இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சில அவரை ஆதரிப்பவை, சில எதிர்ப்பவை. எழுதியவரின் உண்மையான கருத்து என்னவாக இருக்கும் என்பது கேள்வி. 'எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவருக்கு இடப்பட்ட கட்டளை' என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் ஓரளவு ஆதரவாளராகவே இருப்பார் என்று படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். சூழ்நிலையின் கட்டாயத்தை மறந்து, செய்கையைச் செய்தவரின் குணத்தோடு முடிச்சுப் போடும் இந்தப் போக்கை, லீ ராஸ் என்பவர் 1977-இல் 'அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்.

பிறர் விஷயத்தில் இப்படிச் செய்யும் நாம், நம் விஷயத்தில் என்ன செய்கிறோம்? நான் தடுக்கி விழுந்தால் தரை வழுக்கல். நீங்கள் விழுந்தால் கவனக்குறைவு. இதற்கு ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1971-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். என் கண் என் முகத்தில் இருக்கிறது, வெளியே பார்க்கிறது. ஆகவே எனக்குத் தெரிவதெல்லாம் என்னைச் சுற்றியுள்ள சூழ்நிலை. உங்களைப் பார்க்கும்போதோ எனக்குத் தெரிவது நீங்கள்தாம்.

சரி, கண்ணை இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் தொலைக்காட்சி உள்ளே வருகிறது. மைக்கேல் ஸ்டார்ம்ஸ் 1973-இல் அதையே செய்து பார்த்தார். முன்பின் அறியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னார். ஒவ்வொருவரையும் கவனிக்க ஒரு பார்வையாளர். இரண்டு வீடியோ காமிராக்கள். பேச்சு முடிந்த பிறகு, பேசியவர்களில் சிலருக்கு அவர்கள் தம் இடத்திலிருந்து பார்த்ததையே, அதாவது எதிரில் இருந்தவரையே, திரையில் காட்டினார். வேறு சிலருக்கு அவர்களுடைய முகத்தையே காட்டினார். 'ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள்?' என்று கேட்டபோது, முதல் வகையினர் வழக்கம்போல் சூழ்நிலைக்கு அதிக இடம் கொடுத்தார்கள். தம் முகத்தைத் தாமே கண்டவர்கள் தம் குணத்தையே காரணம் காட்டினார்கள். பார்வையாளர்களுக்கும் அதுபோலவே கோணம் மாறியதும் கருத்து மாறிற்று.

இப்போது பிரேக்கிங் பேட் தொடரை நினைத்துப் பாருங்கள். முதல் காட்சியிலிருந்து காமிரா யாரோடு இருக்கிறது? வால்ட்டரோடு. மருத்துவர் நோயைச் சொல்லும்போது காது அடைத்துப்போவது அவருக்கு; அந்த ஒலி நமக்கும் கேட்கிறது. அவரைத் துரத்தும் ஆபத்தெல்லாம் நமக்குத் தெரியும். ஸ்கைலரோ பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கப்படுபவர். வால்ட்டருக்குச் சூழ்நிலை கிடைத்துவிட்டது. ஸ்கைலருக்குக் குணம்தான் மிஞ்சியது. 'சந்தேகப் பிராணி', 'நச்சரிப்பவள்' என்று பெயர் வைத்துவிட்டோம். அவரிடமும் தவறில்லாமல் இல்லை. பிற்பகுதியில் கள்ளப்பணத்தைக் கணக்கில் ஏற்றுவதற்கு அவரே துணைபோகிறார். ஆனால் மக்கள் வெறுப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அந்த வெறுப்பு கதாபாத்திரத்தோடு நிற்கவும் இல்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம்மைக் கொல்ல வேண்டும், எங்கே இருப்பார் என்று ஒருவர் விசாரித்து எழுதியிருந்ததையும் அதில் சொல்லியிருந்தார். கணவனுக்கு அடங்கி நிற்காத மனைவியைப் பற்றிச் சமுதாயம் கொண்டுள்ள எண்ணமே இந்த வெறுப்புக்குக் காரணம் என்பது அவர் முடிவு. அவர் சொல்வதிலும் பெரும் உண்மை இருக்கிறது. காமிராக் கோணம் மட்டுமே காரணம் என்றால், போதைத் தடுப்பு அதிகாரியான ஸ்கைலரின் தங்கை கணவர் ஹாங்க்கை இன்னும் அதிகமாக வெறுத்திருக்க வேண்டும். வால்ட்டருக்கு அவரைவிடப் பெரிய தடை யார்? அவரை அப்படி யாரும் வெறுத்ததாகத் தெரியவில்லை. கோணம் கதவைத் திறக்கிறது. உள்ளே நுழைவது நாம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் எண்ணம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தனக்குச் சூழ்நிலை, பிறர்க்குக் குணம் என்ற விதி எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. பெர்ட்ரம் மாலே என்பவர் 2006-இல் 173 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. கெட்டது நடக்கும்போது மட்டும் அது தலைகாட்டிற்று. ஆனால் நாடகத்தில் பெரும்பாலும் நடப்பது கெட்டதுதானே!

என்னை நானே பார்த்தபோது

2020-ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே கணினி வழியாக வகுப்பெடுத்தோம். ஒளியியல் பாடம் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தேன். சில வாரம் கழித்து அதை ஓடவிட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு மாணவன் ஏதோ கேட்கிறான். குரல் விட்டுவிட்டு வருகிறது. திரையில் இருக்கும் ஆசிரியர் முகத்தைச் சுளித்து, "அதெல்லாம் பிறகு" என்று வெட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். எவ்வளவு பொறுமையற்ற மனிதர் என்று எண்ணினேன். அன்று எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இணைப்பு சரியில்லை, நேரம் போதவில்லை, பக்கத்து அறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது என்பவை மட்டுமே நினைவில் இருந்தன. என்னைப் பொறுமைசாலி என்றே எண்ணியிருந்தேன். பதிவில் குழந்தையின் அழுகை கேட்கவில்லை. சுளித்த முகம் மட்டும் இருந்தது. ஸ்டார்ம்ஸின் சோதனையைப் பின்னர் படித்தபோது, அதில் பங்குகொண்டவன் போலவே உணர்ந்தேன்.

இரண்டில் எது உண்மை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மாணவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

நாடகத்திலும் வகுப்பிலும் இந்தப் பிழையால் வருவது மனத்தாங்கல். காவல் நிலையத்தில் வந்தால்? அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லாசிட்டர் அதை ஆராய்ந்தார். 1986-இல் அவரும் ஆட்ரி இர்வினும் வெளியிட்ட ஆய்வில், போலியாக நடத்திய ஒரு குற்ற ஒப்புதல் விசாரணை மூன்று கோணங்களில் படமாக்கப்பட்டது. ஒன்றில் காமிரா சந்தேக நபரை மட்டும் பார்க்கிறது. இரண்டாவதில் விசாரிக்கும் அதிகாரியை. மூன்றாவதில் இருவரையும் சமமாக. விசாரணை மூன்றிலும் ஒன்றே. ஆயினும் சந்தேக நபரை மட்டும் பார்த்தவர்களே, அவர் கட்டாயமின்றித் தாமாக ஒப்புக்கொண்டதாக அதிகம் கருதினார்கள். மிரட்டுகிற முகம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால், மிரட்டலும் வெளியே போய்விடுகிறது! இதுபோன்ற ஆய்வுகளின் பின்னணியில் நியூசிலாந்துக் காவல் துறை, இருவரும் சமமாகத் தெரியும்படி விசாரணையைப் பதிவு செய்யும் முறையை 1990-களில் மேற்கொண்டது. காமிராவைச் சில அடி நகர்த்தி வைப்பதில் ஒருவருடைய சிறைவாசமே அடங்கியிருக்கக்கூடும்.

ஸ்கைலருக்கு என்ன தெரியும்?

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவிக்கு அது போதவில்லை. அடுத்த வாரம் ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்தாள். தொடரின் முதல் சில பகுதிகளைத் திரும்பப் பார்த்து, வால்ட்டர் மட்டும் இருக்கும் காட்சிகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஸ்கைலர் கண்டதையும் கேட்டதையும் மட்டும் வரிசையாக எழுதியிருந்தாள். அனுமதி வாங்கிக்கொண்டு படித்தாள்.

கணவர் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்புவதில்லை. எங்கே போனீர்கள் என்றால் பதிலில்லை. அறிமுகமில்லாத ஓர் இளைஞனிடமிருந்து தொலைபேசி வருகிறது. யார் என்று கேட்டால், கஞ்சா வாங்கும் இடம் என்கிறார். தாம் கருவுற்றிருக்கிறோம். வீட்டுக் கணக்கில் பணமில்லை. கணவர் முகத்தில் ஏதோ ஒன்றை மறைப்பது தெரிகிறது. என்னவென்று தெரியவில்லை.

படித்து முடித்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருந்தது. ஸ்கைலரை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். "சார், அவருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்பதே இந்த அம்மாவுக்கு முதலில் தெரியாதா?" என்று கேட்டான்.

அவன் அந்தத் தொடரை இரண்டு முறை பார்த்தவன்.